கையெழுத்து நிற்பதற்குள்: மறதிநோய் வந்த வீட்டில் முதல் ஆறு மாதம் செய்ய வேண்டியவை

அப்பா கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அதற்குக் கீழே, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவதுபோல, சிவப்புப் பேனாவில் ஒரு டிக் அடித்துத் தேதியும் போட்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்த கை.

அதற்கு எட்டு மாதம் முன்பே, இது அல்சைமர் என்ற மறதிநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த எட்டு மாதமும் நாங்கள் மாத்திரை, வல்லாரை, இன்னொரு டாக்டர், கோயில் என்று ஓடிக்கொண்டிருந்தோம். வங்கி, உயில், ஓய்வூதியம் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவின் கையெழுத்துக்கு ஒரு காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி பக்கம். அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். உங்கள் வீட்டு நிலவரம் வேறாக இருக்கலாம். வேலைகள் ஏறக்குறைய இவைதான்.

1. டாக்டரிடம் போகும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள்

"அப்பாவுக்கு மறதி" என்று மொட்டையாகச் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. இரண்டு வாரம், ஒரு நாற்பது பக்க நோட்டில், தேதி போட்டு எழுதுங்கள். "சாவியை மறந்தார்" வேண்டாம், அது நானும்தான் மறக்கிறேன். "12ஆம் தேதி: காய்கறிக்காரரிடம் 500 ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்தார், கேட்டால் கோபம்." "15: தினமும் போகிற டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியவில்லை, ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார்." இப்படி. பணம், வழி, பழகின வேலை, பேச்சு, குணம் ஆகியவற்றில் எது எப்போதிலிருந்து மாறியது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும்.

கூடவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சுகர், பிரஷர் மட்டும் போதாது; தூக்க மாத்திரை, சளி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம். இவற்றில் சில முதியவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கும், அல்லது கூட்டும்.

இங்கே நான் செய்த தப்பு: நோட்டை அப்பா முன்னாலேயே குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் நான்கு மாதம் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க முடியவில்லை. எழுதியதை நர்ஸிடம் கொடுத்து முன்கூட்டியே டாக்டர் மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.

2. சோதனைகளை முடியுங்கள், செலவைத் தெரிந்துகொள்ளுங்கள்

மறதியெல்லாம் அல்சைமர் இல்லை. பி12 குறைவு, தைராய்டு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளை உறைக்குள் ரத்தம் கட்டுவது, இவற்றிலும் ஆள் குழம்பிப்போவார், சரிசெய்யவும் முடியும். அதனால் ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் இல்லாமல் முதல் நாளே மாத்திரை எழுதினால், "இந்தச் சோதனைகள் வேண்டாமா டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நரம்பியல் நிபுணர், மனநல மருத்துவர், முதியோர் மருத்துவர் மூவரில் யாரிடமும் தொடங்கலாம். ஆனால் ஒரு முறையாவது நரம்பியல் நிபுணரிடம் காட்டி எழுத்தில் வாங்கி வையுங்கள். வரி விலக்குக்கு அது தேவைப்படும், பின்னால் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது குறைந்த செலவில் நடக்கும், காத்திருப்புதான் அதிகம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு, கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. நாங்கள் தனியாரில் பார்த்தோம். ஆலோசனைக் கட்டணம், ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டது. முடிவு தெரிய மூன்று வாரம் ஆனது.

முப்பது மதிப்பெண்ணுக்குக் கேள்வி கேட்கும் ஒரு சோதனை உண்டு: இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று போகும். அப்பா 26 வாங்கினார். கணக்கு வாத்தியார் கழித்தலில் தோற்பாரா? "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். படித்தவர்கள் விஷயத்தில் இந்த மதிப்பெண் ஏமாற்றும். "ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்பதும் ஏமாற்றும். வீட்டில் நடப்பது வேறு மாதிரி இருந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள். எங்களுக்கு இரண்டாவது டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

3. கையெழுத்து வேலைகள்: நோயின் பெயர் தெரிந்த அடுத்த மாதமே

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு, தான் என்ன செய்கிறோம் என்பது நன்றாகவே புரியும். அந்தப் புரிதல் இருக்கும்போது போட்ட கையெழுத்துதான் செல்லும். நோயின் பெயர் வந்துவிட்டதாலேயே கையெழுத்து செல்லாமல் போகாது; அதேபோல, கைபிடித்துப் போடவைத்த கையெழுத்து வீட்டுக்குள் ஏமாற்று, வெளியே வழக்கு. அவருக்குத் தெளிவாக இருக்கும் வேளையைப் பாருங்கள். எங்கள் அப்பாவுக்குக் காலை பத்து மணி. மாலை நான்குக்கு மேல் எந்தக் காகிதத்தையும் நீட்டாதீர்கள்.

முதலில் பவர் பத்திரம் பற்றி, அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "பவர் எழுதி வாங்கிடு." நாங்களும் பத்திரம் எழுதுபவரிடம் ஏழாயிரம் கொடுத்து வாங்கினோம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போய்விட்டால் அந்தப் பவரும் முடிந்துபோகும். எந்த நாளுக்காக வாங்குகிறோமோ அந்த நாளில் அது வெறும் காகிதம். சில வெளிநாடுகளில் நீடித்து நிற்கும் பவர் உண்டு; இங்கே அப்படி இல்லை. பத்திரம் எழுதுபவர் இதைச் சொல்லவில்லை. இடைக்காலத்தில் ஒரு சொத்து வேலை முடிய வேண்டியிருந்தால் பவர் உதவும், அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கு. தனிப் பெயரில் இருக்கும் கணக்குகளை எல்லாம் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக, "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் மாற்றுங்கள். இருவரும் நேரில் போக வேண்டும். ஆதார், பான், ஆளுக்கு இரண்டு படம், பாஸ்புக். செலவு ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. வைப்புநிதியில் ஒரு கண்ணி இருக்கிறது: கூட்டுப் பெயரில் இருந்தாலும், முதிர்வு தேதிக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். முன்கூட்டியே உடைக்க ஒருவர் கையெழுத்து போதும் என்று இப்போதே எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பெரிய தொகையை ஒரே ரசீதாக வைக்காமல் சின்னச் சின்னதாகப் பிரித்து, வெவ்வேறு மாதத்தில் முதிர்வதுபோல் போடுங்கள்.

"நாமினி போட்டாச்சு, கவலையில்லை" என்பார்கள். நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகு. அவர் உயிரோடு இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. நாமினி போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கூட்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள். எல்.ஐ.சி., அஞ்சலகச் சேமிப்பு, மியூச்சுவல் ஃபண்ட், லாக்கர் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பாருங்கள்.

உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தில் பங்கு இல்லாதவர்களாகவும் அப்பாவைவிட வயதில் சிறியவர்களாகவும் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் மறதிநோய் உள்ளவர் எழுதும் உயிலைப் பதிவு செய்துவிடுவது நல்லது. அதே நாளில் அல்லது முந்தின நாளில், "தான் செய்வதை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்" என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் தேதியோடு சான்று வாங்கிச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு ஒரு சித்தப்பா மகன் கேள்வி கேட்டால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதச் சொல்லியும் வருவார்கள். என் கருத்து: வேண்டாம். நோயாளியும் அம்மாவும் இருக்கும் வீடு அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

மருத்துவ முடிவுகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு, பலருக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேச ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். செலவே இல்லை. பணத்துக்கும் சொத்துக்கும் இது உதவாது.

இதையெல்லாம் தவறவிட்டவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி. பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு மனுப் போட வேண்டும். அதற்கு வக்கீல், மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று மாதக்கணக்கில் போகும். கைரேகை வைத்து எடுக்கலாமே என்று வங்கியில் யாராவது சொன்னால், அந்த வசதி உடம்பு முடியாமல் கையெழுத்துப் போட இயலாதவர்களுக்கானது. புரிதல் போனவருக்கு அல்ல.

4. ஆதார், செல்போன்

அப்பாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ தொலைந்த ஒரு செல் எண். ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. ஆதார் மையத்துக்கு அவரையே அழைத்துப் போய் எண்ணை மாற்றுங்கள், கட்டணம் 75 ரூபாய். கைரேகை தேய்ந்திருந்தால் அப்போதே கைரேகை, கருவிழி, முகப் பதிவையும் புதுப்பித்துவிடுங்கள். நடக்க முடிகிறபோதே செய்வது நல்லது. அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது.

அவர் போனில் பணம் அனுப்பும் செயலி இருந்தால், ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையை ஆயிரம், இரண்டாயிரம் என்று குறையுங்கள். "கே.ஒய்.சி. முடியப்போகுது" என்று வரும் அழைப்புக்கு மறதிநோய் உள்ள பெரியவர்களைப் போல மரியாதையாகப் பதில் சொல்பவர்கள் யாருமில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

5. ஓய்வூதியம்

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு, உயிரோடிருப்பதைக் காட்டும் ஆண்டு நேர்காணல் ஓய்வு பெற்ற மாதத்தில் வரும்; மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு வாழ்நாள் சான்று நவம்பரில், எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். கருவூலத்துக்கு அழைத்துப் போய் வரிசையில் உட்காரவைக்காதீர்கள். முக அடையாளத்தை வைத்துச் செல்போனிலேயே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றை எடுக்கலாம். இல்லையென்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார், 70 ரூபாய். போனைப் பார்த்து அப்பா கண்ணைச் சிமிட்ட மறுத்தார். பேத்தியைப் போனுக்குப் பின்னால் நிறுத்தியதும் வேலை முடிந்தது.

ஓய்வூதியக் கணக்கில் அம்மா பெயரைச் சேர்ப்பது பற்றியும், குடும்ப ஓய்வூதியத்துக்கான ஆவணங்களில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பிறந்த வருஷம் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. திருத்த ஐந்து மாதம் ஆனது.

6. வரியும் காப்பீடும்

வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி என்ற பிரிவில், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் சிகிச்சைச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்: மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாய் வரை, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். நரம்பியல் நிபுணர் எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டில் நோயின் பெயர் மட்டும் இருந்து சதவீதம் இல்லாததால் எங்கள் ஆடிட்டர் திருப்பி அனுப்பினார். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் சரிபாருங்கள்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்த்தால்தான் பணம் தரும். இந்த நோயின் பெரிய செலவு வீட்டில் ஆள் வைப்பது. அதற்கு அது ஒரு பைசா தராது. மாதச் செலவைக் கைப்பணத்திலிருந்துதான் திட்டமிட வேண்டும்.

7. மாத்திரையிடம் எதை எதிர்பார்க்கலாம்

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் என்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். இவை நோயை நிறுத்துவதில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் நினைவையும் அன்றாட வேலையையும் தாங்கிப் பிடிக்கும். டோனெபெசில் தொடங்கும் முன் ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. குமட்டல், வயிற்றுப்போக்கு வந்தால் நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

ஒன்றை மட்டும் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்: இரண்டு மூன்று நாளில் திடீரென்று மோசமானால் அது பெரும்பாலும் அல்சைமர் முற்றியது இல்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம், நெஞ்சுச் சளி, எங்கேயோ விழுந்த அடி, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அப்பா ஒரு வாரம் யாரையும் அடையாளம் தெரியாமல் கத்தினார்; "முத்திப்போச்சு" என்று உறவே அழுதது. சிறுநீர்ப் பரிசோதனை, ஆன்டிபயாட்டிக், பத்து நாளில் பழைய அப்பா.

ஆளை அடக்க மனநோய் மாத்திரை எழுதினால், எத்தனை நாளுக்கு, எப்போது குறைப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு அவற்றால் பக்கவாத ஆபத்து கூடும்.

8. வீட்டுக்குள்

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அப்பா மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவார். "ஸ்கூலுக்கு மணி ஆச்சு." நான் வாதாடுவேன்: "ரிட்டயர் ஆகி பதினாலு வருஷம் ஆச்சுப்பா." சண்டைதான் வரும். அம்மா ஒரு நாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னைக்கு லீவுங்க. மழைன்னு கலெக்டர் லீவு விட்டுட்டார்." அப்பா பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். வெளியே சுள்ளென்று வெயில். திருத்தாதீர்கள் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

செலவில் முதலில் செய்ய வேண்டியது குளியலறை: கைப்பிடி இரண்டு, வழுக்காத விரிப்பு, உள்தாழ்ப்பாளைக் கழற்றுவது. கேஸ் சிலிண்டர் வால்வை இரவில் மூடுங்கள். மாலை இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டால் அந்த நேரப் பதற்றம் கொஞ்சம் குறையும்.

வெளியே போய்விடுவார் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். சட்டைப் பையில் அட்டை வைத்தால் அதை எடுத்துப் போட்டுவிடுவார். எல்லாச் சட்டைக் காலரின் உள்பக்கத்திலும் செல் எண்ணைத் தைத்துவிட்டோம், டெய்லர் சட்டைக்கு இருபது ரூபாய் வாங்கினார். தினமும் காலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அன்று என்ன சட்டை என்று சொல்ல முடியும். காணவில்லை என்றால் அரை மணி நேரம் நாமே தேடிவிட்டு 112இல் போலீஸை அழையுங்கள். இருபத்து நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதலில் தேட வேண்டிய இடம் பழைய வேலை இடமும் பழைய வீடும்.

9. ஆள் வைப்பது

ஏஜென்சி மூலம் வந்தவருக்கு எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய் கொடுத்தோம். பதிவுக் கட்டணம் தனி. சென்னையில் இதைவிடக் கூடும். பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: அவர் லீவு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணிக்குள், பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள், பதிவுக் கட்டணம் திரும்புமா, மறதிநோய் ஆட்களை முன்பு பார்த்திருக்கிறாரா. ஆதார் நகல் வாங்குங்கள். முதல் வாரம் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

10. அம்மாவுக்கு லீவு

வெளியூரிலிருந்து அண்ணன் வரும் இரண்டு நாளும் அப்பா கலகலவென்று பேசுவார். "நல்லாத்தானே இருக்கார், அம்மாதான் பெரிசு பண்றாங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறுவார். விருந்தாளிக்கு முன்னால் நிமிர்ந்து உட்காருவது இந்த நோயின் ஆரம்பத்தில் பல வீடுகளில் நடப்பது. மூன்றாவது வருகையில் நாங்கள் அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அண்ணனை ஒரு வாரம் தனியாக அப்பாவோடு விட்டோம். நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. அதற்கப்புறம் மாதப் பணமும் வந்தது, வாதமும் நின்றது.

பேசவும் கேட்கவும் இடங்கள் இருக்கின்றன. முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு டெலிமனஸ் 14416, தமிழில் பேசுவார்கள், பராமரிப்பவரும் அழைக்கலாம். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு மறதிநோய்க்கென்றே சேவை நடத்துகிறது. அல்சைமர் குடும்பங்களுக்காக 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் பழைய ஸ்கேன் படங்களை மறக்காதீர்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு அம்மாவுக்கு லீவு. காலை எட்டுக்கு நான் போய்விடுவேன். சாவி, பாஸ்புக், மருந்துச் சீட்டு, டாக்டர் சான்று எல்லாம் நீலக் கோப்பில், டிவிக்கு மேலே இருக்கிறது. போன ஞாயிறு அம்மா மலைக்கோட்டை போய்விட்டு மத்தியானமே திரும்பிவிட்டார், மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.